குடும்பத்தோடு ஆற்றோர நடை: மேலே மழை பெய்தால் கீழே என்ன ஆகும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆறு என்பது சுற்றுலாத் தலம் அல்ல. லயத்துக்குப் பின்னால் இருந்த இடம். அங்கேதான் துணி துவைத்தார்கள், தூண்டில் போட்டார்கள், திருவிழாவுக்குக் கரகம் பாலித்தார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் ஸ்கூடாய், மாசாய், கூலாய் வட்டாரத்து அடுக்குமாடிகளில் வளர்கிறார்கள். பள்ளி விடுமுறையில் காரில் ஏறிப் போய்ப் பார்க்கும் இடமாக ஆறு மாறிவிட்டது.

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. தோட்டத்தில் மலைப் பக்கம் வானம் கறுத்தால், "கரையேறுங்கடா" என்று குரல் கொடுக்க ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தார்கள். அந்த ஆற்றின் குணம் அவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத ஆற்றுக்குப் போகும்போது அப்படிக் குரல் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே அவர்களுக்குத் தெரிந்திருந்ததை நாமும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

எங்கே போகலாம்?

சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள குடும்பத்துக்கு மலையுச்சி வேண்டாம், மலையடிவாரம் போதும். ஜோகூரில் அதற்கேற்ற இடங்கள் பல உண்டு.

கோத்தா திங்கி நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் குனோங் முந்தாஹாக் மலையடிவாரத்தில் லொம்போங் நீர்வீழ்ச்சி இருக்கிறது. வடக்கே பெக்கோக் அருகில் சுங்கை பந்தாங் பொழுதுபோக்கு வனம் இருக்கிறது. தங்காக் அருகே 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கின் அடிவாரத்தில் சாகில் நீர்வீழ்ச்சி உள்ளது. குளுவாங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு குனோங் லம்பாக், குனோங் பெலுமுட் ஆகிய மலைகளின் அடிவாரம் பக்கம். இங்கெல்லாம் ஓடையை ஒட்டி மெதுவாக நடந்து, பாறையில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிட்டுத் திரும்ப அரை நாள் போதும்.

புறப்படும் முன் இடம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் சீரமைப்பு வேலை நடக்கும்போதும் இத்தகைய இடங்களை மூடிவிடுவது வழக்கம். மலையேற நினைப்பவர்கள் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் தேவையா என்று வனத்துறையிடமோ பூங்கா அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா ஆறும் இறங்கத் தகுந்த ஆறு அல்ல. 2019 மார்ச்சில் பாசீர் கூடாங் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். தொழிற்பேட்டைக்குக் கீழே ஓடும் தண்ணீரில் பிள்ளைகளை விட வேண்டாம். ஜோகூர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் கழிமுகத்திலும் முதலைகள் உண்டு. அங்கே கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதோடு சரி.

வெயிலடிக்கும்போதும் வெள்ளம் வரும்

மலையாற்றில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் ஆழம் மட்டும் அல்ல, 'கெப்பாலா ஆயிர்' எனப்படும் திடீர் மலைவெள்ளமும்தான்.

இது வரும் விதத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். மலையுச்சியில் கனமழை கொட்டுகிறது. செங்குத்தான சரிவில் விழும் மழை மண்ணில் இறங்க நேரமில்லாமல் ஓடைகளில் சேர்கிறது. பல ஓடைகளின் தண்ணீர் ஒரே குறுகிய ஆற்றுக்குள் பாய்கிறது. சில சமயம் விழுந்த மரங்களும் கிளைகளும் குறுக்கே கிடந்து அணைபோலத் தண்ணீரைத் தேக்கிவிடும். அந்த அடைப்பு உடைந்தால் தேங்கிய தண்ணீர் முழுவதும் மண்ணையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே மூச்சில் கீழே வரும். கீழே குளிப்பவர்களுக்கு அப்போது நல்ல வெயிலாகக்கூட இருக்கலாம். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி கெடாவில் குனோங் ஜெராய் மலையிலிருந்து வந்த வெள்ளம் இப்படித்தான் உயிர்களைக் கொண்டுபோனது.

ஆனால் ஆறு பல நேரங்களில் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை:

தெளிந்த தண்ணீர் திடீரென்று தே தாரேக் நிறத்துக்கு மாறுவது. இலை, சுள்ளி, நுரை கூட்டமாக மிதந்து வருவது. மேலே இருந்து லாரி வருவதுபோல இரைச்சல் கேட்பது. தண்ணீர் மட்டம் சட்டென்று ஏறுவது. மட்டம் காரணமின்றிக் குறைந்தாலும் சந்தேகப்படுங்கள். மேலே அடைப்பு விழுந்திருக்கலாம்.

இதில் ஒன்றைக் கண்டாலும் பையையும் சட்டியையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையின் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடக் கூடாது. தண்ணீர் உங்களைவிட வேகமாக வரும். மறுகரைக்கு ஆற்றைக் கடக்கவும் கூடாது.

போனவுடன் செய்ய வேண்டிய இரண்டு சிறிய வேலைகள் உண்டு. ஒன்று, காரை நிறுத்திய கரையிலேயே பாயை விரியுங்கள். வெள்ளம் வந்தால் வெளியே போகும் வழி உங்கள் பக்கம் இருக்கும். இரண்டு, தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். பெரியவர் ஒருவர் அவ்வப்போது அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டம் ஏறுவது தெரிந்துவிடும். அந்த ஒருவர் குளிக்கவும் வேண்டாம், கைப்பேசியில் மூழ்கவும் வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொன்ன நம் பெரியவர்கள் ஆற்றை நன்றாக அறிந்தவர்கள்.

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் மலையடிவார ஆறுகளைத் தவிர்ப்பதே நல்லது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரமே தண்ணீரில் மூழ்கியதைக் கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது நம் நாட்டு வழக்கம். ஆகவே காலையிலேயே போய்விட்டு நண்பகலுக்குள் தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள்.

2025 ஜனவரி 1 முதல் ஜோகூரில் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறு ஆகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்பவர்களுக்கும் பிள்ளைகளோடு ஒரே நாளில் விடுமுறை கிடைப்பது இப்போது எளிது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் கூட்டமும் குறைவு, ஆபத்தும் குறைவு.

முதல் நாள் இரவு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியைப் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' அகப்பக்கத்தில் ஆறுகளின் நீர்மட்டமும் மழையளவும் தெரியும். நீங்கள் போகும் இடத்தில் மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள மலையில் மழையா என்பதையும் பாருங்கள்.

காலுக்குச் சிலிப்பர் போதாது. பாசி படிந்த பாறையில் வழுக்கிவிடும். பால்மரம் சீவியவர்கள் போட்ட 'அடிடாஸ் கம்போங்' ரப்பர் காலணியே மலையேறிகளும் விரும்பி அணிவது. விலையும் மலிவு.

வீட்டுக்கு வந்த பிறகு

எலி, மற்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் ஈர மண்ணாலும் எலிக்காய்ச்சல் பரவும். கிருமி உடலில் உள்ள கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும். 2010ல் பகாங், மாரான் அருகே லூபோக் யூ ஆற்றில் மூழ்கியவரைத் தேட இறங்கியவர்களிடையே தண்ணீர், மண் வழிப் பரவும் தொற்று ஏற்பட்டு 8 பேர் இறந்தனர்.

காயம் உள்ளவர்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சாப்பாட்டை மூடி வையுங்கள். மிச்சம் எலியைக் கூப்பிடும். திரும்பி வந்து நான்கு வாரங்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் கண்டால் கிளினிக்குக்குப் போங்கள். "ஆற்றில் குளித்தோம்" என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டிங்கி என்றோ சாதாரணக் காய்ச்சல் என்றோ நினைக்க வாய்ப்புண்டு.

நம் பழைய தோட்டத்து ஆற்றுக்குப் போகலாமா?

பிள்ளைகளுக்குத் தான் குளித்த ஆற்றைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் பலர். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் வயல்களையும் பண்ணைகளையும் கடந்து செல்லும் பொது நடைபாதைகளில் யாரும் நடக்கச் சட்டம் உரிமை தருகிறது. 1996ல் திறக்கப்பட்ட தேம்ஸ் ஆற்றோரப் பாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளம். நம் ஊரில் அப்படியில்லை. ஆற்றின் இரு கரையிலும் 'ரிசாப் சுங்கை' என்று நிலம் ஒதுக்கப்படுவது உண்டு. ஆற்றின் அகலத்துக்கேற்ப அதன் அளவு மாறும். ஆனால் அந்தக் கரையைச் சேரும் செம்மண் சாலை தோட்ட நிர்வாகத்தின் சொத்து. பாட்டனார் வெட்டிய சாலையே ஆனாலும் காவல் சாவடியில் கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அதற்கு எளிய வழி கோயில் திருவிழா. தோட்டத்துக் கோயிலில் விழா நடக்கும் நாளில் பழைய குடும்பங்கள் எல்லாம் வந்து சேரும். கோயில் நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் வழி கிடைக்கும். ஆற்றைப் பற்றித் தெரிந்த பெரியவர் ஒருவரும் கூட வருவார். செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் ஆற்றின் போக்கே மாறியிருக்கலாம். அன்று இடுப்பளவு இருந்த இடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

குப்பையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடும் ஜோகூர் ஆறு நம் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் தருகிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 2061 வரை நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூரும் இந்த ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மேலே நாம் போடும் நெகிழிப் பை கீழே யாரோ ஒருவர் குடிக்கும் தண்ணீரில் போய்ச் சேரும்.

அவசர உதவிக்கு 999. புறப்படும் முன், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மலையடிவாரத்தில் பல இடங்களில் கைப்பேசிக்குக் கோடு கிடைக்காது.