அட்டைக்குள் ஓடும் கார்கள்

திருச்சியிலிருந்து தஞ்சை செல்லும் நெடுஞ்சாலை அரியமங்கலம் வழியாகப் போகிறது. சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். லாரி, பஸ், கார், ஆட்டோ என்று வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. இவற்றின் பாட்டனையும் முப்பாட்டனையும் எங்கே காண்பது? ஒரு சிறு பெட்டிக்குள்ளேயே காணலாம்!

அட்டை பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டுகள் மெல்லிய தாள் உறைகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தார்கள். பிறகு அதில் வண்ணப் படம் அச்சிட்டார்கள். பின்புறம் வரிசை எண்ணும் விளக்கமும் இருக்கும். இங்கிலாந்தின் பிளேயர்ஸ் நிறுவனம் 1936-இல் 'மோட்டார் கார்கள்' என்று 50 அட்டைகள் வெளியிட்டது. வரிசை முழுமையாக வேண்டுமானால் மேலும் மேலும் சிகரெட் வாங்க வேண்டும். இதுதான் வியாபாரத் தந்திரம்! இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வரவே இங்கிலாந்தில் அட்டைகள் நின்றன. நமக்குப் படம் போதும், புகை வேண்டாம்.

வரிசையில் வைத்தால்

அட்டைகளை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற வண்டிக்கு மூன்றே சக்கரங்கள், எந்திரம் பின்னால், ஆற்றல் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. 1908-இல் வந்த ஃபோர்டு 'மாடல் டி'யில் எந்திரம் முன்னால் வந்துவிட்டது. ஆற்றல் 20 குதிரைத் திறன். 1961-இல் சென்னைக்கு அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பாருங்கள். திறந்த வண்டி மூடிய வண்டியாகிவிட்டது! தனித்தனியே பார்த்தால் இவை வெறும் படங்கள். வரிசையில் வைத்தால் அதுவே வரலாறு.

ஓர் எச்சரிக்கை. 1936-இல் அச்சான அட்டையில் 1886-ஆம் ஆண்டு வண்டி இருந்தால், அது ஐம்பது ஆண்டு கழித்து வரைந்த படம். ஆகவே வண்டியின் ஆண்டு, அட்டையின் ஆண்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கத்தை நூலகத்தில் சரிபாருங்கள்.

தாளைத் தின்னும் எதிரிகள்

மலிவான தாளில் மரத்தின் லிக்னின் தங்கியிருக்கும். ஒளியும் காற்றும் பட்டால் அது மஞ்சளாகும். தாளிலுள்ள அமிலம் செல்லுலோஸ் இழைகளை அறுப்பதால் அட்டை நொறுங்கும். ஈரமும் வெப்பமும் இதை விரைவுபடுத்தும். மாவுப் பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து! தவிர, ஒட்டிவிட்டால் பின்புற விளக்கம் மறைந்துபோகும். எனவே ஒட்டாதீர்கள். காகித முக்கோணங்களை ஆல்பத்தில் ஒட்டி, அட்டையின் மூலைகளை அவற்றில் செருகுங்கள். வெயில் படாத, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

எப்படித் தொடங்குவது?

பழைய அட்டைகள் கிடைக்கவில்லையா? கவலை வேண்டாம். பழைய தீப்பெட்டிப் படங்களைத் தேடுங்கள். இந்திய அஞ்சல் துறை 2017-இல் போக்குவரத்து வாகனங்களைப் பற்றி 20 அஞ்சல் தலைகள் வெளியிட்டது. பல்லக்கும் பழைய கார்களும் அவற்றில் உண்டு. கோவைக்குச் சென்றால் ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களையே நேரில் பார்க்கலாம்.

நீங்களே அட்டை தயாரிக்கவும் செய்யலாம். உங்கள் தெருவில் நிற்கும் பழைய வண்டியை வரைந்து, பின்புறம் பெயர், ஆண்டு, எந்திரத் திறன் எழுதுங்கள். இன்று சாதாரணமாகத் தோன்றும் வண்டி நாளை மறைந்துவிடும். அதன் அட்டை உங்கள் பெட்டியில் இருக்கட்டும்!