ரிக்கார்டில் பெயர் மறைத்த பீட்டில்!

1968-ம் ஆண்டு ஜனவரி மாதம். பம்பாய் கோட்டைப் பகுதியில் இருந்த எச்.எம்.வி. ஒலிப்பதிவுக் கூடத்தில் சரோடும் சந்தூரும் ஷெனாயும் முழங்கிக்கொண்டிருந்தன. வாசித்தவர்கள் எல்லோரும் இந்தியக் கலைஞர்கள். வாசிக்க வைத்தவரோ 24 வயது வெள்ளைக்கார இளைஞர்.

அவர் யார் தெரியுமா? உலகத்தையே ஆட்டிவைத்த "பீட்டில்ஸ்" குழுவின் கிதார் கலைஞர், ஜார்ஜ் ஹாரிசன்!

"வொண்டர்வால்" என்ற ஆங்கிலப் படத்துக்கு இசை அமைக்க அவர் வந்திருந்தார். அந்தக் கூடத்தில் வெளிச்சத்தம் நுழையாதபடி தடுக்க வசதி இல்லை. மாலை ஐந்தரை மணிக்கு ஆபீசுகள் விட்டதும் குமாஸ்தாக்கள் தடதடவென்று படி இறங்குவார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை ஒலிப்பதிவை நிறுத்த வேண்டியதுதான். கூர்ந்து கேட்டால் டாக்சி ஓடும் சத்தம்கூட இசைத்தட்டில் கேட்கும் என்று ஹாரிசனே பிறகு சொன்னார்.

பீட்டில்சின் "தி இன்னர் லைட்" பாட்டுக்கான வாத்திய இசையும் அதே நாட்களில் பம்பாயில்தான் பதிவாயிற்று. அவர் பாடிய குரல் லண்டனில் சேர்க்கப்பட்டது. ஹாரிசன் எழுதிய பாட்டு பீட்டில்சின் சிறிய ரிக்கார்டு ஒன்றில் இடம்பெற்றது அதுவே முதல் தடவை. அதுவும் பின்பக்கத்தில்!

கைம்மாறு

லெனன், மெக்கார்ட்னி என்ற இரண்டு பெரிய பெயர்களுக்குப் பின்னால் நின்றவர் ஹாரிசன். தன் பெயர் முன்னால் வரவேண்டும் என்று அவர் அலையவில்லை.

1968-ல் அவருடைய பாட்டு ஒன்றுக்கு நண்பர் எரிக் கிளாப்டன் வந்து கிதார் வாசித்துக் கொடுத்தார். ரிக்கார்டு உறையில் கிளாப்டன் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு கிளாப்டனின் "கிரீம்" குழு வெளியிட்ட பாட்டில் ஹாரிசன் கிதார் வாசித்தார். அதில் ஹாரிசன் பெயர் இல்லை! "மர்மத் தேவதூதன்" என்று பொருள்படும் இத்தாலியப் பெயர்தான் அச்சாகியிருந்தது. வேறு வேறு கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருந்ததால் வந்த வினை.

அந்தப் பாட்டுக்குத் தலைப்பு கிடைத்ததும் வேடிக்கைதான். காகிதத்தில் ஹாரிசன் "பிரிட்ஜ்" என்று குறித்து வைத்திருந்தார். எதிரில் உட்கார்ந்திருந்த கிளாப்டன் அதைத் தலைகீழாகப் பார்த்து "பேட்ஜ்" என்று படித்தார். "பேட்ஜ்" என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

பின்னாளில் நண்பர்களின் ரிக்கார்டுகளுக்கு வாசித்தபோது அவர் வைத்துக்கொண்ட இன்னொரு புனைபெயர் "ஹரி ஜார்ஜ்சன்"!

அகதிகளுக்காக

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்து குவிந்தார்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்று சிதார் மேதை ரவிசங்கர் கேட்டார். ஹாரிசன் நண்பர்களைத் திரட்டினார். ஆகஸ்டு 1-ந் தேதி நியூயார்க் நகரில் ஒரே நாளில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. பாப் டிலன், கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் என்று பெரிய புள்ளிகள் மேடை ஏறினார்கள். ரவிசங்கரும் அலி அக்பர் கானும் சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டிவிட்டது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் கச்சேரி இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சிரித்தபடி சொன்னார்.

டிக்கெட்டில் கிடைத்த சுமார் 2 லட்சத்து 43 ஆயிரம் டாலர் ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போயிற்று. ஆனால் ரிக்கார்டு விற்ற பெரும்பணம் அமெரிக்க வரித்துறையின் பிடியில் பல ஆண்டுகள் சிக்கிக் கிடந்தது. காரணம், கச்சேரிக்கு முன்பே தர்மக் காரியம் என்று பதிவு செய்யவில்லை. மனசு சரியாக இருந்தது. காகிதம் சரியாக இல்லை!

மிருதங்கமும் வயலினும்

1974-ல் ஹாரிசன் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். கூடவே ரவிசங்கர் தலைமையில் ஓர் இந்திய இசைக்குழுவும் சென்றது. அதில் மிருதங்கம் டி.வி. கோபாலகிருஷ்ணன், வயலின் எல். சுப்பிரமணியம். பீட்டில்ஸ் பாட்டுக்காக வந்த ரசிகர்கள் பலர் பொறுமை இழந்தார்கள். பத்திரிகைகளும் தாக்கின. ஆனாலும் ஹாரிசன் அந்தக் குழுவைக் கைவிடவில்லை.

வீட்டை அடகு வைத்தார்

"லைஃப் ஆஃப் பிரையன்" என்ற நகைச்சுவைப் படத்துக்குப் பணம் போட இருந்த கம்பெனி கடைசி நேரத்தில் விலகிக்கொண்டது. ஹாரிசன் தன் மாளிகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தார். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றார்! 1979-ல் வெளியான அந்தப் படத்தில் அவரும் ஒரு கணம் தலைகாட்டுகிறார்.

சென்னையில் மந்திரம்

1996-ல் ரவிசங்கரின் "சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா" என்ற மந்திர இசைத் தொகுப்பைத் தயாரித்தவர் ஹாரிசன். ஒலிப்பதிவில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. மீதி, இங்கிலாந்தில் அவருடைய வீட்டில். 1997-ல் அது வெளிவந்தபோது உறையில் பெரிதாக இருந்த பெயர் ரவிசங்கருடையது.

2001 நவம்பர் 29-ந் தேதி ஹாரிசன் காலமானார். வயது 58. சரியாக ஓராண்டு கழித்து லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நண்பர்கள் கூடினார்கள். ஏற்பாடு செய்தவர் கிளாப்டன். மெக்கார்ட்னியும் ரிங்கோவும் பாடினார்கள். ரவிசங்கர் புதிதாக இயற்றிய இசையை அவர் மகள் அனுஷ்கா நடத்தினார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தவருக்காக, அன்று எல்லோரும் முன்னால் வந்து வாசித்தார்கள்.