டீசலும் மிச்சம், உயிரும் மிச்சம்!

கள்ளக்குறிச்சியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இரண்டு வகைச் சாலைகள் உண்டு.

ஒன்று, சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை. அகலமான சாலை. லாரியும், பஸ்சும், காரும் அதில் பறக்கின்றன. மற்றொன்று, கச்சிராயப்பாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் சாலை. அங்கே வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் மலை. மறு பக்கம் பள்ளம்.

இரண்டு சாலையிலும் டிரைவருக்கு ஒரே கவலை. அது, டீசல் விலை!

டீசலை மிச்சப்படுத்த நல்ல வழி ஒன்று இருக்கிறது. மெதுவாகப் போவதுதான் அது. சிலர் வேறு வழியைப் பிடிக்கிறார்கள். அது ஆளையே கொல்லும் வழி. முதலில் நல்ல வழியைப் பார்ப்போம்.

காற்று தடுக்கிறது

வேகமாகப் போகிற வண்டியைக் காற்று எதிர்த்துத் தள்ளுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால், காற்றின் தடை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. அந்தத் தடையை உடைத்துக்கொண்டு போகத்தான் எண்ணெய் வீணாகிறது.

இந்தியாவில் பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்று ஒரு சங்கம் 1978-ம் ஆண்டு முதல் இருக்கிறது. மத்திய அரசின் அமைப்பு அது. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள் என்று அது சொல்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போவதைவிட 40 சதவீதம் வரை கூடுதல் தூரம் போகலாமாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்தில் இருந்து உளுந்தூர்பேட்டைக்குச் சுமார் 136 கிலோமீட்டர். நிற்காமல் 80-ல் போனால் 1 மணி 42 நிமிடம். 50-ல் போனால் 2 மணி 43 நிமிடம். 80-ல் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார், 50-ல் 21 கிலோமீட்டர் கொடுத்தால், இரண்டரை லிட்டர் மிச்சம். ஆனால் ஒரு மணி நேரம் கூடுதலாகும். லாபமா, நஷ்டமா? அவசரத்தைப் பொறுத்தது.

ஆனால், இந்தக் கணக்கில் சேராத வரவு ஒன்று உண்டு.

அமெரிக்காவில் நடந்தது

1973-ம் ஆண்டு அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 1974 ஜனவரி 2-ந் தேதி ஜனாதிபதி நிக்சன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். நாடு முழுவதும் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக்கூடாது! அதாவது சுமார் 88 கிலோமீட்டர்.

சட்டம் போட்டது பெட்ரோலுக்காக. நடந்தது வேறு.

1973-ல் அமெரிக்கச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 54 ஆயிரம் பேர். 1974-ல் அது சுமார் 45 ஆயிரமாகக் குறைந்தது!

பெட்ரோல் இல்லாததால் மக்கள் பயணத்தையே குறைத்தார்கள். அதுவும் ஒரு காரணம். பின்னர் நிபுணர்கள் அலசிப் பார்த்து 1984-ல் அறிக்கை கொடுத்தார்கள். வேகம் குறைந்ததால் மட்டும் 1974-ல் 3 ஆயிரம் முதல் 5 ஆயிரம் உயிர்கள் தப்பின என்றார்கள். மிச்சமான பெட்ரோலோ சொற்பம்தான்! 1995-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

ஒரு விநாடி

உயிர் தப்பியது எப்படி?

ஆபத்தைக் கண்டு, டிரைவரின் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, அந்த ஒரு விநாடிக்குள் 11 மீட்டர் ஓடிவிடும். 80-ல் போகும் வண்டி 22 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடிப்பது அதற்குப் பிறகுதான். மோதினால், 80-ல் விழுகிற அடி 40-ல் விழுவதைப்போல நான்கு மடங்கு. காற்றுக்குச் சொன்ன அதே கணக்கு!

கள்ளக்குறிச்சி நெடுஞ்சாலைக்கு இது மிகவும் பொருந்தும். நான்கு வழிச் சாலை போட்டபோது, ஊர்களைச் சுற்றிப் போகும் புறவழிச் சாலைகளை இரு வழியாகவே விட்டார்கள். கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சின்னசேலம் எல்லாம் அப்படித்தான். அகலப்படுத்தும் வேலை பிறகுதான் வந்தது. நான்கு வழியில் 100-ல் வந்து பழகிய கால், இரு வழிக்குள் நுழைந்ததும் குறைக்க மறுத்தது. எதிரே வந்த வண்டிகளோடு நேருக்கு நேர் மோதல்! எத்தனை குடும்பங்கள் தெருவில் நின்றன!

மெதுவாகப் போனால் மட்டும் போதுமா? கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்களைப் பாருங்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும், கச்சிராயப்பாளையம் ஆலைக்கும் இரவில் ஊர்ந்து போகும். பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. மினுக்கும் பட்டையும் இல்லை. வேகமாக வருகிறவனுக்கு அது கடைசி நேரத்தில்தான் தெரியும். மெதுவாகப் போகிற வண்டி இடது ஓரத்தில் போக வேண்டும். கண்ணுக்குத் தெரியும்படியும் போக வேண்டும்.

நியூட்ரல் ஆபத்து!

இப்போது அந்தக் கெட்ட வழி.

வெள்ளிமலையில் இருந்து கீழே இறங்கும்போது சிலர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள். சிலர் என்ஜினையே நிறுத்திவிடுகிறார்கள். வண்டி தானாக உருளும். டீசல் மிச்சம் என்று நினைப்பு!

கியரில் இருந்தால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடுகிறது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில். வளைவுக்கு வளைவு மிதித்தால் பிரேக் சூடேறும். சூடேறினால் பிடிக்காது. என்ஜினை நிறுத்தினால் இன்னும் மோசம். லாரியின் பிரேக்குக்குக் காற்று ஏற்றுவதே என்ஜின்தான். காரிலோ பிரேக் கல்லைப்போல இறுகிவிடும்; ஸ்டீயரிங்கும் கனத்துவிடும்.

மிச்சமாவது உண்டா என்றால், அதுவும் இல்லை! இன்றைய வண்டிகளில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் என்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான், என்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் பிடிக்கப் போய், இருப்பதையும் விடுகிறார் டிரைவர்.

கல்வராயன் மலை ஜாகீர்தார்கள் ஆண்ட மலை. 1976-ல்தான் நேரடியாக அரசின் கைக்கு வந்தது. இன்றும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இறங்க, கிடைத்த வண்டியில் ஏறிக்கொள்கிற மக்கள் அங்கே உண்டு. அப்படி ஒரு வேன் உருண்டால், ஒரு கிராமமே அழும்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அந்த கியர். இது பழைய டிரைவர்கள் சொல்லும் சட்டம்.

யார் காத்திருப்பது?

டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி கணக்குக் கேட்கிறார். "ஏன் லேட்?" என்றும் அவரே கேட்கிறார். அரசு பஸ்களிலும் டிரைவருக்கு டிரைவர் டீசல் கணக்குப் பார்க்கிறார்கள். டீசலில் சிக்கனம் கேட்பவர்கள், நேரத்தில் கொஞ்சம் தாராளம் காட்ட வேண்டாமா?

மலைச் சாலைக்கு ஒரு விதி உண்டு. இடம் குறுகலாக இருந்தால், இறங்கும் வண்டி நின்று, ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். பாரத்தோடு ஏறுகிற வண்டி நடுவில் நின்றால், மறுபடி கிளம்ப டீசலைக் குடிக்கும். பின்னால் உருளவும் கூடும். இறங்குகிற வண்டிக்கு அந்தச் சிரமம் இல்லை. பிரேக்கை விட்டாலே நகர்ந்துவிடும்.