கை ஒழியட்டும்

நேரம் நம் கையில் – 11

எங்கள் பெரியம்மாவை யார் ஊருக்கு அழைத்தாலும் ஒரே பதில்தான். "கை ஒழியட்டும்டா, வர்றேன்." அடுப்பு, மாடு, நெல் அவியல், பேரன் பேத்திகளின் காய்ச்சல் என்று ஒன்று மாற்றி ஒன்று. அந்தக் கை ஒழிந்து நான் பார்த்ததே இல்லை.

கல்லூரி விடுமுறையில் போயிருந்தபோது ஒருநாள் கேட்டுவிட்டேன். "எப்பத்தான் பெரியம்மா ஒழியும்?" கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "அதுவா எங்கடா ஒழியும்? நாமதான் ஒழிச்சுப் போடணும்" என்றார். மிஞ்சிய குழம்பைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுச் சட்டியைத் தேய்க்கப் போடுவதற்கு எங்கள் வீட்டில் 'ஒழித்துப் போடுவது' என்றுதான் பெயர். பெரியம்மா சட்டியைச் சொன்னாரா, நேரத்தைச் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சென்ற வாரம் பார்க்கின்சனைப் பார்த்தோம். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவ்வளவையும் அது தின்றுவிடும் என்று 1955இல் 'எகானமிஸ்ட்' பத்திரிகையில் நக்கலாக எழுதியவர். சரி, வேலை வாய்வைக்காத நேரம் என்று ஒன்றை எடுத்துவைப்பது எப்படி? விளையாட்டுக்கும், மனசுக்குப் பிடித்த வேலைக்கும் அதை எப்படிக் காப்பாற்றுவது? அப்படிக் காப்பாற்றிய ஒருவரின் வீட்டுக்கு இந்த வாரம் போவோம்.

பெயரில் மட்டும் டவுன்

பீகிள் கப்பலில் ஐந்து வருடம் உலகைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபரில் இங்கிலாந்து திரும்பியபோது சார்லஸ் டார்வினுக்கு 27 வயது. லண்டனில் குடியேறினார். பெயர் பரவியிருந்ததால் அழைப்புகள் வந்தன. நிலவியல் சங்கத்துக்குச் செயலாளராக வரச் சொன்னார்கள். நேரமெல்லாம் போய்விடும் என்று முதலில் தட்டிக்கழித்தார். அவர்கள் விடவில்லை. 1838இல் ஒப்புக்கொண்டு மூன்று வருடம் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். கூட்டம், கூட்டத்துக்குப் பின் விருந்து, விருந்துக்குப் பின் உடம்பு படுத்தல் என்று நாட்கள் ஓடின.

அதே 1838இல் கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு தாளில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதிப் பார்த்தார். கல்யாணத்துக்கு எதிராக எழுதியவற்றில் நேர விரயம் முக்கியமான ஒன்று. ஆதரவாக எழுதியவற்றில், எப்படியும் நாயைவிட நல்ல துணை என்பதும் ஒன்று! கடைசியில் ஆதரவுப் பக்கமே ஜெயித்தது. அடுத்த ஜனவரியில் தன் மாமன் மகள் எம்மாவை மணந்தார். நம் கணக்கில் அசல் முறைப்பெண்.

லண்டன் அவருக்கு ஒத்துவரவில்லை. வயிற்றுக் கோளாறு, வாந்தி, தலைச்சுற்றல் எல்லாம் கூடவே குடியிருந்தன. 1842 செப்டம்பரில், அப்பா கொடுத்த பணத்தில் கென்ட் மாவட்டக் கிராமம் ஒன்றில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். லண்டனிலிருந்து சுமார் 16 மைல். ஊரின் பெயர் டவுன். பெயரில்தான் டவுன், இடம் அசல் பட்டிக்காடு. சாகும்வரை சுமார் 40 வருடம் அவர் இருந்தது அங்கேதான்.

அந்த வீட்டில் அவர் செய்த ஒரு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். படிப்பறை ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடியைப் பொருத்திவைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று அதில் பார்த்துவிடலாம். ஆள் யாரென்று தெரிந்த பிறகு, எதிரே போய் நிற்பதா உள்ளே நழுவுவதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.

அந்தக் கண்ணாடி இன்று நம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. கூப்பிடுவது யார் என்று பெயரோடு காட்டுகிறது. பார்த்துவிட்டும் எடுக்கிறோம். எடுத்துவிட்டு, முடியாது என்று சொல்லத் தெரியாமல் 'பார்க்கலாம்' என்கிறோம். தமிழில் இத்தனை விலை கொடுக்கவைக்கும் சொல் வேறு இல்லை. காதுகுத்துக்கு வருவீங்களா? பார்க்கலாம். குடியிருப்போர் சங்கக் கணக்கை நீங்க பார்த்துக்கறீங்களா? பார்க்கலாம். நண்பரின் மகனுக்கு ஒரு வார்த்தை சொல்றீங்களா? பார்க்கலாம். கேட்டவருக்கு அது பாதிச் சம்மதம், சொன்னவருக்குப் பாதி மறுப்பு. இரண்டுங்கெட்டானாக அது நம் தலையிலேயே தங்கிவிடுகிறது. போகாத காதுகுத்தும் போன காதுகுத்தைப் போலவே ஒரு வாரம் மனசை அரிக்கிறது. நாள் முழுக்க ஓடியும் எதையும் செய்யவில்லை என்ற அலுப்பில் பாதி, இந்தப் 'பார்க்கலாம்'களின் பாரம்தான்.

நாலு மணி நேரம்

டார்வினின் ஒரு நாள் எப்படிக் கழியும் என்று அவருடைய மகன் ஃபிரான்சிஸ் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். காலையில் சின்ன நடை. எட்டு மணிக்குப் படிப்பறை. ஒன்பதரை வரை வேலை. அந்த ஒன்றரை மணி நேரம்தான் நாளின் சிறந்த பகுதி என்பது அவர் எண்ணம். பிறகு சோபாவில் சாய்ந்துகொள்வார். வீட்டார் கடிதங்களையோ ஒரு நாவலையோ வாசித்துக்காட்டுவார்கள். பத்தரைக்கு மறுபடி வேலை. பன்னிரண்டு மணிக்கு எழும்போது, இன்றைக்கு நல்ல வேலை நடந்தது என்று திருப்தியாகச் சொல்லிக்கொண்டு நாயை அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தோட்டத்தின் கோடியில் மரங்களுக்கு நடுவே ஒரு மணல் பாதை போட்டிருந்தார். அங்கே அவர் சுற்றிச் சுற்றி நடப்பார். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டிருந்தால் யோசனை கெடும். அதற்காகப் பாதை ஓரம் சில கற்களைக் குவித்துவைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றைக் காலால் தட்டிவிடுவார். கல் தீர்ந்தால் நடை தீர்ந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்தித்தாள், பதில் கடிதங்கள், படுக்கையறையில் இன்னொரு நாவல், இன்னொரு நடை. மாலை நாலரையிலிருந்து ஐந்தரை வரை மறுபடி ஒரு மணி நேர வேலை. கூட்டிப் பாருங்கள். ஒன்றரை, ஒன்றரை, ஒன்று. கடிதங்களை விட்டுவிட்டால் நாலு மணி நேரம்தான்.

இரவில் எம்மாவோடு பாக்கேமன் என்னும் பகடை ஆட்டம், தினமும் இரண்டு. அதற்கும் கணக்கு வைத்திருந்தார். 1876 ஜனவரியில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கணக்கைப் பெருமையோடு அறிவிக்கிறார். எம்மா வென்றது 2,490 ஆட்டம், தான் வென்றது 2,795! 'உயிரினங்களின் தோற்றம்' எழுதிய மனுஷன், சின்னப் பையனைப் போலக் குதிக்கிறார்.

அந்த நாலு மணி நேரத்தில்தான் கடல் கொட்டலசு இனம் முழுவதையும் எட்டு வருடம் ஆராய்ந்தார். 1859இல் உலகத்தையே புரட்டிப்போட்ட அந்தப் புத்தகம் வந்தது. ஆர்க்கிட் பூக்கள், பூச்சி தின்னும் செடிகள், மனிதனின் தோற்றம், முகபாவங்கள் என்று புத்தகங்கள் வரிசையாக வந்தன.

மண்புழுவுக்குக் கச்சேரி

கடைசிப் புத்தகம் 1881இல் வந்தது. மண்புழுக்களைப் பற்றியது. எழுபதைத் தாண்டிய பெரிய விஞ்ஞானி, மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களைப் போட்டு வீட்டுக்குள்ளேயே வளர்த்தார். புழுவுக்குக் காது கேட்குமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். உலோக ஊதலைக் கிறீச்சென்று ஊதினார்கள். புழு அசையவில்லை. பஸூன் வாசித்தார்கள். நம் நாகஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் நீண்ட குழல் அது, குரல் மட்டும் அடித்தொண்டை. அதற்கும் அசையவில்லை. கத்திப் பார்த்தார்கள். பக்கத்திலேயே பியானோவை முடிந்தமட்டும் உரக்க வாசித்தார்கள். ஊஹும்.

பிறகு இரண்டு புழுக்கள் இருந்த தொட்டிகளைத் தூக்கிப் பியானோவின் மேலேயே வைத்துக் கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு கட்டையைத் தட்டினார்கள். இரண்டு புழுக்களும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன! ஒலி கேட்காது, அதிர்வு தெரியும் என்று முடிவாயிற்று.

பார்ப்பவர்களுக்கு வெட்டி வேலை. இதை எந்தச் சங்கமும் அவரிடம் கேட்கவில்லை. எந்தக் கெடுவும் இல்லை. ஆனால் இந்த வெட்டி வேலையின் இன்னொரு நுனியைப் பாருங்கள். டவுனுக்குக் குடிவந்த 1842இன் முடிவில், வீட்டருகே ஒரு வயலில் உடைத்த சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பச் செய்தார். புழுக்கள் மண்ணைத் தின்று மேலே தள்ளத் தள்ளச் சுண்ணாம்பு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளம் வெட்டிப் பார்த்தது 1871 நவம்பரில். 29 வருடம் காத்திருந்தார். வெள்ளைக் கோடு ஏழு அங்குலம் கீழே இருந்தது. ஒரு ஏக்கரில் வருடத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணைப் புழுக்கள் தம் உடம்பு வழியாக மேலே கொண்டுவருகின்றன என்று கணக்குப் போட்டார். இன்றைக்கு மண்புழு உரம் போடும் விவசாயி அனுபவத்தில் அறிந்த விஷயத்துக்கு அன்றே அளவு கிடைத்தது.

அவசரக்காரனால் 29 வருடம் ஒரு வயலைச் சும்மா விட்டுவைக்க முடியாது. விளையாட்டு வேறு, வேலை வேறு என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். அந்த வயலில் எங்கே விளையாட்டு முடிந்தது, எங்கே வேலை தொடங்கியது என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

யார் கை ஒழியவில்லை?

இந்த இடத்தில் நீங்கள் சொல்லப்போவது எனக்குக் கேட்கிறது. "அப்பன் வீட்டுச் சொத்து இருந்தது, ஆடினார். எனக்கு மாசத் தவணை இருக்கிறதே!"

நியாயம்தான். டார்வின் ஒருநாளும் சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. வீட்டில் வேலையாட்கள் இருந்தார்கள். எம்மா பத்துப் பிள்ளைகளைப் பெற்று, மூன்றைப் பறிகொடுத்து, எந்நேரமும் நோயாளியான கணவரைக் கவனித்து, நாவலும் வாசித்துக்காட்டினார். டார்வின் கை ஒழிவதற்காக இன்னும் பல கைகள் ஒழியாமல் இருந்தன. பெரியம்மாவை எனக்கு நினைவூட்டுவது டார்வின் அல்ல, எம்மாதான். நம் வீட்டில் ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கிறார் என்றால், அடுக்களையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் சொத்து மட்டுமே நேரத்தைக் கொடுத்துவிடாது. அவர் காலத்து இங்கிலாந்தில் அதே அளவு சொத்தோடு வேட்டை, விருந்து, சீட்டு என்று மூச்சு விட நேரமில்லாமல் திரிந்தவர்கள் ஏராளம். டார்வின் செய்தது ஒழித்துப் போட்டது. செயலாளர் பதவியை விட்டார். லண்டனை விட்டார். தன் நோய்கூடத் தன்னைச் சமூகக் கேளிக்கைகளிலிருந்து காப்பாற்றியது என்று தன்வரலாற்றில் எழுதினார். நோயையே வேலியாக்கிக்கொண்ட மனிதர்.

வாரம் ஒருமுறை

அதே தன்வரலாற்றில் ஒரு வருத்தமும் இருக்கிறது. எழுதும்போது அவருக்கு 67 வயது. இளமையில் கவிதையும் இசையும் அவருக்கு உயிர். வயதாக ஆக அந்த ரசனை வற்றிவிட்டது. தகவல்களைப் போட்டு அரைத்து விதிகளை எடுக்கும் யந்திரமாக மனம் ஆகிவிட்டதே என்று நொந்துகொள்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால், வாரத்தில் ஒருமுறையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும் கொஞ்சம் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்கிறார்.

நாலு மணி நேரம் மட்டும் உழைத்து, நாவல் கேட்டு, பகடை ஆடி, புழுவுக்குக் கச்சேரி வைத்தவருக்கே ஒன்று கைநழுவிப் போயிருக்கிறது. அதற்கென்று இடம் ஒழித்துவைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் கேட்டது தினமும் அல்ல, வாரத்துக்கு ஒருமுறை. மாசத் தவணை கட்டுபவருக்கும் அது முடியும். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளையே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரே ஒரு மணி நேரம். அதற்காக, தலையில் தொங்கும் ஒரு 'பார்க்கலாம்'மை எடுத்து, சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு, "மன்னிச்சுக்கோங்க, என்னால முடியாது" என்று சொல்லிவிடுங்கள். கிடைத்த நேரத்தில் இன்னொரு பயனுள்ள வேலையைக் கொண்டுபோய் அடைக்காதீர்கள். பரணில் கிடக்கும் புல்லாங்குழலோ, பாதியில் விட்ட கதையோ, மாடித் தொட்டியில் ஒரு கீரையோ, அது உங்கள் இஷ்டம். வீட்டில் கை ஒழியாத இன்னொருவர் இருந்தால், அடுத்த வாரம் அவருக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்துக்கு அடுப்படி உங்களுடையது.

நான் ஒரு 'பார்க்கலாம்'மைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் எதை ஒழித்துப் போட்டீர்கள் என்று எழுதுங்கள்.

(தொடரும்)