மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும்! பதின்பருவத்தினருக்கு நான்கு நாவல்கள்

‘நாவலை மூடிவை, பாடத்தைப் படி!’ நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பிள்ளையின் நலன் குறித்த அக்கறையே இக்குரலை எழுப்புகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், பறிக்கப்பட்ட நாவலின் இடம் வெறுமையாக இருப்பதில்லை. கைப்பேசி வந்து அமர்ந்துகொள்கிறது. எனவே, ‘படிக்கலாமா, கூடாதா?’ என்று வாதிடுவதைவிட, ‘எதைப் படிக்கலாம்?’ என்று வழிகாட்டுவதே அறிவுடைமை.

பதின்பருவத்தினர் படிக்கத் தகுந்த நான்கு நாவல்களை வாசகப் பெருமக்களுக்கு இங்கே பரிந்துரைக்கிறோம். நான்கிலும் நாயகி ஓர் இளம்பெண். ஆயினும் நான்கையும் மகளிடம் மட்டுமன்றி மகனிடமும் கொடுங்கள் என்பதே நம் வேண்டுகோள். காரணம், கதைகளை அறிந்தபின் விளங்கும்.

உப்பப்பாவின் ஆனை

மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீர் 1951-இல் எழுதிய குறுநாவல் ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ளது. நாயகி குஞ்ஞுபாத்தும்மா செல்வத்தில் வளர்ந்தவள். எழுதப் படிக்க அறியாதவள். வழக்கில் தோற்றுச் சொத்தெல்லாம் போன பின்பும், தன் தந்தை யானை வைத்திருந்த பெருமையை அவளுடைய உம்மா விடுவதாயில்லை. அண்டை வீட்டுக்குக் குடிவரும் ஆயிஷா எனும் படித்த பெண்தான் குஞ்ஞுபாத்தும்மாவுக்கு எழுத்தறிவிக்கிறாள். அந்த யானை, மணலில் குழி பறிக்கும் குழியானைப் பூச்சிதான் என்று சிறுவர்கள் கேலி செய்யும் இடத்தில் நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் சிந்திக்கிறோம். முன்னோர் பெருமையைப் பேசிக்கொண்டே கல்வியைக் கோட்டைவிட்ட குடும்பங்கள் எத்தனை!

முதல் ஆசிரியர்

கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவ் (1928–2008) எழுதி 1962-இல் வெளிவந்த இக்கதையும் தமிழில் உண்டு. 1924-ஆம் ஆண்டில், மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கு தூய்ஷேன் எனும் இளைஞர் வருகிறார். அவரே அரைகுறையாகப் படித்தவர்தான். எனினும் பாழடைந்த குதிரைக் கொட்டிலைப் பள்ளியாக்குகிறார். குளிர்காலத்து ஓடையில் குழந்தைகளைச் சுமந்து அக்கரை சேர்க்கிறார். தாய் தந்தையற்ற அல்தினாயை, வளர்ப்பவர்களே ஏற்கெனவே மணமான ஒருவனுக்கு விற்றுவிடுகின்றனர். ஆசிரியர் அடிபட்டும் அவளை மீட்டு நகரத்துக்குப் படிக்க அனுப்புகிறார். அவள் பேரறிஞராக உயர்கிறாள். அவரோ முதுமையில் ஊர் ஊராகத் தபால் சுமக்கிறார். கட்டாய மணத்தின் கொடுமையும் சோவியத் அரசியலின் சாயலும் இதில் உள்ளமையால், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் பெற்றோர் துணையுடன் படிப்பது நலம்.

காபூலின் பர்வானா

கனடா நாட்டு எழுத்தாளர் டெபோரா எல்லிஸ், பாகிஸ்தானில் தங்கியிருந்த ஆப்கான் அகதிகளிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு எழுதிய ஆங்கில நாவல் ‘தி பிரெட்வின்னர்’ (2000). தாலிபான் ஆட்சியில் பள்ளி மூடப்பட்டு வீட்டில் அடைபட்டிருக்கிறாள் பதினொரு வயது பர்வானா. தந்தை கைதாகிறார், ஆண் துணையின்றி வெளியே செல்ல இயலாத குடும்பம் பட்டினியை எதிர்நோக்குகிறது. அவள் கூந்தலை வெட்டி, இறந்துபோன அண்ணனின் ஆடையை அணிந்து, சந்தையில் எழுத்தறியாதோருக்குக் கடிதம் படித்துக் காட்டிப் பொருளீட்டுகிறாள். ஒருநாள் தாலிபான் ஒருவரே, இறந்த தம் மனைவிக்கு உரிய கடிதத்தைக் கொண்டுவருகிறார். அவள் படிக்கப் படிக்க அவர் கண்ணீர் வடிக்கிறார். அஞ்சத்தக்கவராக மட்டுமே தெரிந்தவருக்குள்ளும் ஒரு துயரம் இருப்பதை அச்சிறுமி காண்கிறாள். 2021-இல் அந்நாட்டுச் சிறுமியருக்கு உயர்நிலைப் பள்ளிக் கதவுகள் மீண்டும் அடைக்கப்பட்டன என்பதால், இது பழங்கதையாகிவிடவில்லை.

மெல்போர்னின் அமல்

ஆஸ்திரேலிய எழுத்தாளர் ரண்டா அப்துல் ஃபத்தாஹ்வின் ஆங்கில நாவல் ‘டஸ் மை ஹெட் லுக் பிக் இன் திஸ்?’ (2005). பாலஸ்தீன வம்சாவளியில் வந்த பதினாறு வயது அமல், எவருடைய வற்புறுத்தலுமின்றி, எப்போதும் ஹிஜாப் அணிவதென முடிவு செய்கிறாள். மகள் படப்போகும் சிரமத்தை எண்ணிப் பெற்றோரே முதலில் தயங்குகின்றனர்! வகுப்பறைப் பார்வைகளை அவள் நகைச்சுவையோடு எதிர்கொள்ளும் விதம் சுவையானது. ஆனால் அவளுடைய தோழி லைலாவின் நிலை வேறு. படிக்கத் துடிக்கும் அவளுக்கு மணமுடிக்க அவசரப்படுகிறார் அவளுடைய தாய். மார்க்கம் எது, ஊர்வழக்கம் எது என்று பகுத்தறியும் பக்குவத்தை இந்நாவல் இளையோருக்குத் தருகிறது.

மகனிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

ஓதுமாறு பணித்த கட்டளையோடு இறைவெளிப்பாடு தொடங்கியதைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் சமுதாயம் நாம். ஆயினும், ‘பெண்பிள்ளைக்கு இதுவரை படித்தது போதாதா?’ என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் எழத்தான் செய்கிறது. அப்பேச்சின் முடிவைச் சொல்பவர் பெரும்பாலும் ஆண். இன்று பதினைந்து வயதில் இருக்கும் மகன், நாளை அந்த முடிவைச் சொல்லப்போகும் அண்ணன், கணவன், வாப்பா. பள்ளிக் கதவு அடைக்கப்பட்ட பர்வானாவின் வலியை ஒருமுறை உணர்ந்தவன், தன் தங்கையின் புத்தகப் பையை எளிதில் பரணில் ஏற்றிவிட மாட்டான்.

பெற்றோரே! இந்நூல்களை முதலில் நீங்கள் படியுங்கள். தமிழ் நூல்களை இரவு உணவுக்குப் பின் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கலாம். ஆங்கில நூல்களைப் பிள்ளைகளே படித்துக் கதை சொல்லட்டும். உம்மாவும் வாப்பாவும் செவிமடுக்கட்டும். கதை முடிந்ததும் நீதி போதிக்க வேண்டாம். ‘அந்த இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அதற்கு மகளும் மகனும் தரும் மறுமொழிகளில், நாம் இதுவரை அறியாத நம் பிள்ளைகளை அறிந்துகொள்ளலாம்.