பகடை சொல்லும் பாடம்

விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று. ஆடுவோர் அறியாமலே அவர்தம் உள்ளத்தில் கருத்துகளை விதைக்கவும் வல்லது. உலகெங்கும் ஆடப்படும் ‘மொனாப்பொலி’ இதற்குத் தக்க சான்றாகும். பகடை உருட்டிக் காய் நகர்த்தி, நிலங்களை வாங்கி, அவற்றில் வந்து நிற்போரிடம் வாடகை பெற்று, ஏனையோர் பொருளிழந்து விலகும்வரை ஆடுவதே இதன் முறை.

இதன் மூலவடிவை அமைத்தவர் எலிசபெத் மேகி என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1904இல் ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்னும் பெயரில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். நிலம் சிலர் கையில் குவிந்தால் ஏனையோர் வறியவராவர் என்று காட்டுவதே அவர் நோக்கம். உண்டாகும் செல்வத்தால் அனைவரும் பயனுறும் வேறொரு விதிமுறையையும் அவர் வகுத்தார்.

1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்காவில் பலர் வேலையிழந்தனர். அவருள் ஒருவரான சார்லஸ் டாரோ, நண்பரிடம் கற்ற இவ்விளையாட்டைத் தம் படைப்பெனக் கூறி, 1935இல் பார்க்கர் சகோதரர் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வரானார். மேகியின் காப்புரிமையையோ அந்நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிவிட்டது. வேலையற்ற ஒருவர் தம் அறிவாற்றலால் உயர்ந்தார் என்னும் கதை விளையாட்டுடன் பரவிற்று. மேகியின் பெயர் மறைந்தது. 1970களில் எழுந்த வழக்கொன்றின் வாயிலாகவே உண்மை வெளிப்பட்டது. செல்வக் குவிப்பின் தீமையைக் காட்டப் பிறந்த விளையாட்டு, அதனையே வெற்றியெனப் போற்றுவதாய் மாறியது வியப்பன்றோ?

அண்மைக் காலத்தில் பால் பிஃப் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இவ்விளையாட்டைக் கொண்டே ஓர் ஆய்வு நிகழ்த்தினார். நாணயத்தைச் சுண்டி இருவருள் ஒருவரைச் செல்வராக்கினார். அவருக்கு இருமடங்கு பணமும் இரு பகடைகளும் கிடைத்தன; மற்றவருக்கு ஒரு பகடையே. செல்வர் வென்றதில் வியப்பில்லை. ஆனால், வெற்றிக்குக் காரணம் கேட்டபோது, அவர்கள் தம் திறமையான ஆட்டத்தையே எடுத்துரைத்தனர். சுண்டிய நாணயத்தை மறந்தனர்.

இதனால் முயற்சி வீண் என்று கருதலாகாது. உழைப்பின்றி உயர்வில்லை. ஆயினும், பிறந்த குடி, வாய்த்த கல்வி, உதவிய கைகள் ஆகியனவும் ஒருவர் வாழ்வில் விழுந்த பகடைகளே. வென்றவர் இதனை நினைந்தால் செருக்கு அகலும். தோற்றவரைச் சோம்பரென்று இகழும் வழக்கமும் ஒழியும். அனைவர்க்கும் ஒத்த தொடக்கத்தை அளிக்கும் விதிகளை வகுப்பதோ சமுதாயத்தின் கடமையாகும்.