ஜாக்கி சான் தொடரின் மந்திரக் கற்கள் எங்கிருந்து வந்தன?

ஐரோப்பியக் கோட்டை ஒன்றில் ஜாக்கி ஒரு பழைய கேடயத்தைக் கண்டெடுக்கிறார். அதில் பதித்திருக்கும் எண்கோணக் கல்லில் ஒரு சேவல். கல்லை வைத்திருப்பவர் அந்தரத்தில் மிதக்கலாம். ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ கார்ட்டூனின் முதல் அத்தியாயம் இது. அமெரிக்காவில் 2000 முதல் 2005 வரை 95 அத்தியாயங்கள் ஓடிய தொடர், சுட்டி டிவி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு நம் வீடுகளுக்குள் வந்தது. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் பள்ளி விட்டதும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் பலர் இன்று வேலைக்குப் போகிறார்கள். கற்களின் சக்திகளை அவர்களிடம் கேட்டால் இப்போதும் வரிசையாகச் சொல்வார்கள். அவை எங்கிருந்து வந்தவை என்பதுதான் பலருக்குத் தெரியாமலே போய்விட்டது.

மொத்தம் 12 கற்கள். எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. சீனர்கள் ஆண்டுகளுக்குச் சூட்டும் விலங்குகள் இவை. நம் பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டுகள் சுழல்கின்றன. சீனர்களுக்கும் சுற்று 60தான். 12 விலங்குகளும் 5 மூலகங்களும் சேர்ந்து அந்தக் கணக்கு வருகிறது. முயலுக்கு வேகம், பாம்புக்கு மறையும் சக்தி, குதிரைக்கு நோய் தீர்க்கும் சக்தி என்று பிரித்துக் கொடுத்தது மட்டும் கதாசிரியர்களின் கற்பனை. அதிலும் புலிக் கல் அபாரம். அதன் மேல் யின்-யாங் வடிவம். கல் இரண்டானதும் ஜாக்கியும் நல்லவர், கெட்டவர் என்று இரண்டு பேராகிவிடுகிறார். ஒரு தத்துவத்தை எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கல் ஏன் எண்கோணம்? இரண்டாம் பருவத்தில் வரும் எட்டுப் பூதங்களைப் பாருங்கள். வானம், பூமி, நீர், நெருப்பு, இடி, காற்று, மலை, நிலா என்று ஆளுக்கொன்று. சீனர்களின் ‘பாகுவா’ எண்கோணத்தில் உள்ள எட்டுக் குறிகளை ஒட்டியவை இவை. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: அங்கே ஏரி இருக்கும் இடத்தில் தொடர் நிலாவை வைத்திருக்கிறது. தொடரில் அந்தப் பூதங்களைப் பூட்டிவைத்த எட்டு அமரர்களோ தாவோ மரபில் உண்மையாகவே போற்றப்படுபவர்கள். சுரைக்குடுவை, விசிறி, புல்லாங்குழல் என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு பொருளை அங்கே கோயில் ஓவியங்களில் காணலாம். சிலை யாருடையது என்று வேலும் சக்கரமும் நமக்குச் சொல்வதுபோல.

பெயர்களும் சும்மா வைக்கப்பட்டவை அல்ல. தொடரில் வரும் ஹாக் ஃபூவின் பெயருக்குக் காண்டனீஸ் மொழியில் கரும்புலி என்று பொருள். அதே பெயரில் தென்சீனத்தில் ஒரு குங்ஃபூ மரபே உண்டு. ஆட்டுக் கல் வரும் அத்தியாயத்தின் ஆங்கிலத் தலைப்பு, 1983-ல் வந்த ஜாக்கியின் ‘ப்ராஜெக்ட் ஏ’ படத்தை நினைவூட்டுகிறது. ஜாக்கியின் மாமா பேய் விரட்ட முணுமுணுப்பதும் வெற்று ஒலியல்ல. ‘பேய் பிசாசுகளே, சீக்கிரம் ஓடிப்போங்கள்’ என்ற பொருளுள்ள காண்டனீஸ் வாக்கியம்தான் அது.

இத்தனையையும் தாங்கிய கதையை நம் பிள்ளைகள் ரசித்ததற்குப் பாதிக் காரணம் தமிழ்க் குரல்கள். அந்தக் கலைஞர்களின் பெயர்கள் ஜாக்கியின் பெயரைப் போல எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.